பரணுக்கு எத்தனை அடி

ஆகஸ்ட் 27, ஞாயிறு

மான்கள் அவரைப் பந்தலையும் முடித்துவிட்டன. போன வாரம்வரை கத்தரியோடு நிறுத்திக்கொண்டிருந்தன. வெண்டையில் தண்டு மட்டும் நிற்கிறது. மிளகாயைத் தொடவில்லை, குட்டிகளுக்கு ஆகாது என்று தாய் சொல்லியிருக்கலாம்.

பென்சில்வேனியாவில் இந்த வீட்டுக்கு வந்து இருபத்துமூன்று வருடம் ஆகிறது. இலக்கியத்தில் வரும் மான் வேறு, கொல்லையில் வரும் மான் வேறு என்பது முதல் கோடையிலேயே தெரிந்துவிட்டது. இலக்கிய மானுக்கு மருண்ட பார்வை. இதற்கு, கல்யாண வீட்டில் இலை போட்டாகிவிட்டதா என்று எட்டிப் பார்ப்பவரின் பார்வை.

எட்டடி வேலி போட்டால் தீர்ந்தது. ஆனால் குடியிருப்போர் சங்கத்தின் விதி நான்கடிக்கு மேல் அனுமதிப்பதில்லை. நான்கடியை மான் வாசற்படியைப் போலத் தாண்டுகிறது. சங்கத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றாவதற்குப் பதில் வந்தது: என் தபால்பெட்டியில் பெயின்ட் உரிந்திருக்கிறதாம்.

காலையில் தோசைக்கு நடுவே கீதாமணி அறிவித்தாள்.

"ஏனுங்க, போதுமுங்க. எடிசன்ல அந்தத் தரைத்தளத்து வீடு இன்னும் காலியாத்தான் இருக்குதாம். கோயிலுக்கு நடந்தே போயிரலாம். மானுமில்ல, மாடிப்படியுமில்ல."

மானைப் பற்றிய பேச்சில் மாடிப்படி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். என் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டாள். ஜூன் மாதம் நான் மாடிப்படியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்ததை அவள் 'விழுந்தது' என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். உட்கார்வதற்கும் விழுவதற்கும் வேகத்தில்தான் வித்தியாசம். இதை அவளிடம் பலமுறை விளக்கியாகிவிட்டது.

எடிசன் பக்கத்து மாநிலத்து ஊர்; அந்த வீட்டில் ஒரே ஓர் அலமாரி வைக்க இடம் இருக்கிறது. அது சாமி படங்களுக்கு. இங்கே மாடியில் என் படிப்பறையில் பதினொரு அலமாரிகள். கிழக்கே பார்த்த ஜன்னல். இந்தக் கணக்கை அவள் முன்னால் வைத்தேன்.

"செரி. தீபாவளி நோம்பி வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள மானை நிறுத்திப்போட்டீங்கன்னா எடிசன் பேச்சையே எடுக்கமாட்டேன். இல்லாட்டி முன்னால போர்டு நட்டு வீட்ட வித்துப்போடலாம்."

ஒப்புக்கொண்டேன். சங்க விதிகளை மறுபடி படித்துப் பார்த்தேன். எட்டடி வேலி கூடாது என்று இருக்கிறது. இருபதடி மரத்தில் வில்லோடு உட்காரக்கூடாது என்று எங்கும் இல்லை.

ஆகஸ்ட் 28, திங்கள்

காலையிலிருந்து மிக்ஸி ஓடுகிறதே, என்ன அரைக்கிறாய் என்று கேட்டேன். மிக்ஸி ஓடவில்லை என்றாள். இடது காதில் தண்ணீர் புகுந்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 2, சனி

கீதாமணியின் தம்பி சென்னியப்பன் வந்தான். நாற்பத்தாறு வயது, நாற்பது மைல் தள்ளி மருந்துக் கம்பெனியில் வேலை. நான்கு வருடமாக வில் வேட்டைக்குப் போகிறான். இதுவரை அடித்தது ஒரு மான். அதைப் பற்றிப் பேசியது நானூறு மணி நேரம் இருக்கும்.

எனக்காக, துப்பாக்கிபோல விசையழுத்தி அம்பு விடும் ஒரு குறுக்குவில்லும், மரத்தில் தொங்கவிடும் இருக்கையும் கொண்டுவந்திருக்கிறான். நிற்க ஓர் இரும்புத் தட்டு, உட்கார ஒரு சிறு பலகை, மரத்தைச் சுற்றி இறுக்கப் பட்டை, ஏறுவதற்கு மரத்தோடு கட்டும் படிகள். கீதாமணி வந்து பார்த்துவிட்டு, "பரணா?" என்றாள். அப்போதிலிருந்து அது பரண்.

"இருவது அடி மாமா," என்றான் சென்னியப்பன், கொல்லைக் கோடியிலிருக்கும் ஓக் மரத்தை அண்ணாந்து பார்த்து. "அதுக்குக் கொறைஞ்சா மானு நம்ம மொகரையப் பாத்துப்போடும்."

"மானு அவ்வளவு மேல பாக்குமா மாப்ள?"

"மொகரைய வுடுங்க, வாசம் இருக்குதே. உசரத்துல இருந்தா வாசம் அதுங்க தலைக்கு மேல போயிரும். நம்மூட்டு வாசம் லேசுப்பட்ட வாசமா? அக்கா பெருங்காயம் போட்டா எனக்கு நாப்பது மைலுக்கு அக்கட்டால தெரியுது."

"டேய்!" என்றாள் சமையலறையிலிருந்து கீதாமணி.

இருபது என்றே முடிவு செய்தோம். உயரத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முப்பது வருடம் லிஃப்ட் கம்பெனியில் பாதுகாப்புக் கையேடுகள் எழுதியவன். நாற்பது மாடிக் கட்டடங்களுக்கு எழுதியிருக்கிறேன். தரைத்தளத்தில் உட்கார்ந்து.

செப்டம்பர் 5, செவ்வாய்

வேட்டைக்காரர்களுக்கான பாதுகாப்பு வகுப்பை இணையத்தில் முடித்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. போன இரண்டும் கேள்வியின் பிழை, விளக்கி எழுதியிருக்கிறேன்.

பரணின் உயரம் குறித்து மூன்று நாட்களாகப் படிக்கிறேன். இதில் இருக்கும் பிரிவுகளை எண்ணிப் பார்த்தால் நம்முடைய வடகலையும் தென்கலையும் அண்ணன் தம்பி போலத் தெரிகிறது. இருபதடிக்காரர்கள் பதினைந்தடிக்காரர்களை ஏமாளிகள் என்கிறார்கள். இருபத்தைந்தடிக்காரர்கள் இருவரோடும் பேசுவதில்லை. பதினைந்தடியில் உட்கார்ந்து ஒருவர் முப்பது வருடம் மான் அடித்திருக்கிறார். முப்பதடியில் உட்கார்ந்து ஒருவர் முப்பது வருடம் மானே அடிக்கவில்லை. ஆனால் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. அவர்மேல் எனக்கு மரியாதை பிறந்தது.

செப்டம்பர் 9, சனி

சென்னியப்பன் முதல் நான்கு படிகளைக் கட்டினான். ஏறிப் பார்த்தேன். நான்காவது படியில் நின்றபோது ஒரு விஷயம் தெளிவானது: இருபதடியிலிருந்து அம்பு ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும், மானின் முதுகில் இலக்கு மிகவும் சிறுத்துவிடும். வடிவியல். உடனே இறங்கி வந்து சொன்னேன்.

"செரி மாமா. அப்ப எத்தன?"

"பதினாறு."

"செரி."

வழக்கமாக ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிறவன் இப்படி உடனே தலையாட்டியது எரிச்சலாக இருந்தது. வாதிடத் தயாராக நான்கு காரணங்கள் வைத்திருந்தேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

குளியலறையில் துண்டு போடும் கம்பி கையோடு வந்துவிட்டது. ஒழுங்காக முடுக்கியிருந்தால் ஓர் ஆள் பாரத்தைத் தாங்கியிருக்கும். முடுக்கியது நான்தான் என்று கீதாமணி நினைவூட்டினாள். முழங்கையில் லேசான சிராய்ப்பு.

செப்டம்பர் 15, வெள்ளி

வாசப் பிரச்சினையை இன்று தீர்த்தேன். வேட்டைக்கு வாங்கிய கோட்டு வீட்டுக்குள் இருந்தால் சமையல் வாசம் ஏறும். ஆகவே காரேஜில், பின்சுவரில், தனி ஆணியடித்து மாட்டிவிட்டேன். வாசம் இல்லையென்றால் உயரமும் அவ்வளவு தேவையில்லை. பன்னிரண்டு அடி போதும். பன்னிரண்டு அடியில் இலை மறைவும் கூடுதல்.

கீதாமணி காரேஜிலிருந்து வாணலியோடு உள்ளே வந்தாள். "அங்க எதுக்குங்க கோட்ட மாட்டிவெச்சிருக்கறீங்க?"

"வீட்டு வாசம் படாம இருக்கறதுக்கு."

ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "செரி, இருக்கட்டும்," என்று போய்விட்டாள்.

மறந்துவிடும் முன் எழுதி வைக்கிறேன்: மீன் வறுப்பது, மிளகாய் வறுப்பது, பெரிய தாளிப்புகள் எல்லாம் வீட்டுக்குள் வேண்டாம், திரைச்சீலையில் வாசம் பிடிக்கிறது என்று காரேஜில் தனி அடுப்பு போட்டுக் கொடுத்தது நான். ஆறு வருடம் ஆகிறது. நல்ல ஏற்பாடு.

செப்டம்பர் 16, சனி

"பன்னெண்டா?" என்றான் சென்னியப்பன்.

"இல மறைவு."

"செரி மாமா."

"எதுக்கெடுத்தாலும் செரிங்கறயே. உனக்குன்னு ஒரு அபிப்பிராயம் கிடையாதா? ரெண்டு வாரம் முன்னால இருவதுன்னு சத்தியம் பண்ணாத கொறையா நின்ன."

"மரம் உங்குளுது. மானும் உங்குளுது. நான் பட்டைய இழுத்துக் கட்டறவன்."

அவனுக்குக் கட்டும் வேலையும் வைக்கவில்லை. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று காப்பி கொடுத்து அனுப்பினேன்.

செப்டம்பர் 21, வியாழன்

காது டாக்டரிடம் இன்று போக வேண்டியது. கீதாமணி என்னைக் கேட்காமல் ஜூலையிலேயே நேரம் வாங்கியிருக்கிறாள். வேட்டைக்காலம் தொடங்கும் நேரத்தில் இதற்கெல்லாம் எங்கே நேரம்? போன் செய்து அடுத்த மாதம் 24ஆம் தேதிக்குத் தள்ளினேன்.

"தள்ளிட்டீங்களா?"

"தள்ளிட்டேன்."

துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். என் பனியன் ஒன்றையே மூன்று முறை மடித்தாள்.

செப்டம்பர் 23, சனி

ஒன்பது அடி. காரணங்கள் தனித்தாளில் உள்ளன.

செப்டம்பர் 30, சனி

வேட்டைக்காலம் இன்று தொடங்கியது. மழை. காரேஜ் கதவைத் திறந்து வைத்து நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்காணித்தேன். மூன்று மான்கள் நனைந்துகொண்டே வந்து முள்ளங்கி இலையைத் தின்றன. மழை என்று அவை வேலையைத் தள்ளிப்போடுவதில்லை.

அக்டோபர் 7, சனி

பகலுணவின்போது ஆறடி என்று சொன்னேன். ஆறடியில் சில அனுகூலங்கள் இருக்கின்றன. சென்னியப்பன் ரசத்தைப் பார்த்துக்கொண்டு, "செரி மாமா," என்றான்.

கீதாமணி அப்பளத்தை நொறுக்கினாள். "ஆறடிக்கு எதுக்குங்க மரமும் பட்டையும்? நம்ம கட்டில இழுத்துட்டுப்போயி கொல்லைல போட்டு மேல ஏறி நின்னுக்குங்க. மானு வர்ற வரைக்கும் படுத்துக்கவும் ஆகும்."

சென்னியப்பனுக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்தான், மறுபடி புரையேறியது. அவளும் சிரித்தாள். ஜூனுக்குப் பிறகு இந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. அதற்காகவேனும் பொறுத்துக்கொண்டிருக்கலாம்.

"பதினாலு," என்றேன்.

சிரிப்பு நின்றது.

"என்னது?"

"பதினாலடி. இன்னைக்கே கட்டு மாப்ள. மூணு மணிக்குள்ள வேல முடியணும்."

சென்னியப்பன் இந்த முறை சரி என்று சொல்லவில்லை. அக்காவைப் பார்த்தான். அவள் அப்பளத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் சும்மா வெளாட்டுக்குச் சொன்னேனுங்க," என்றாள்.

மாலை நான்கு மணிக்குக் கட்டி முடித்தான். பதினான்கு என்ற எண் என் வாயில் தற்செயலாக வரவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். என் படிப்பறை ஜன்னலும் தரையிலிருந்து பதினான்கடிதான். அங்கே இருபத்துமூன்று வருடம் உட்கார்ந்திருக்கிறேன், தலை சுற்றியதில்லை.

அக்டோபர் 10, செவ்வாய்

ஏறவில்லை. காற்று சரியில்லை.

அக்டோபர் 12, வியாழன்

காற்று சரியாக இருந்தது. வேறு வேலை இருந்தது.

அக்டோபர் 17, செவ்வாய்

முடிந்தவரை வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஆறே முக்காலுக்கு ஏறினேன். தனியாக ஏறக்கூடாது என்பது என் கையேடுகளில் முதல் விதி. யாரிடமும் சொல்லாமல் ஏறக்கூடாது என்பது இரண்டாவது. அவற்றை எழுதியவன் என்ற முறையில் அவை யாருக்காக எழுதப்பட்டன என்பது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்காக.

உடம்பைச் சுற்றிய பாதுகாப்புப் பட்டையை மரத்துக் கயிற்றோடு கொக்கியில் மாட்டிக்கொண்டு, பதினொரு படி. மேலே உட்கார்ந்து, கீழே கட்டி வைத்திருந்த வில்லைக் கயிற்றால் இழுத்துக்கொண்டேன். எல்லாம் முறைப்படி நடந்தது. ஓக் இலைகள் பாதி சிவந்திருந்தன. என் படிப்பறை ஜன்னல் எதிரே தெரிந்தது. அந்த அறையை வெளியிலிருந்து அதே உயரத்தில் பார்ப்பது இதுவே முதல் தடவை. அலமாரிகளின் முதுகு மட்டும்தான் தெரிகிறது. நன்றாகத்தான் இருந்தது.

ஏழு இருபதுக்குத் தாய் மானும் இரண்டு குட்டிகளும் வந்தன. காற்று என்னிடமிருந்து அவற்றை நோக்கி வீசியது. மனித வாசம் பட்டதும் மான் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். இதில் மட்டும் எல்லாப் பிரிவினருக்கும் கருத்து ஒற்றுமை உண்டு. இது ஓடவில்லை. மூக்கைத் தூக்கிற்று. காட்டில் அதுவரை இல்லாத ஏதோ ஒன்றை அடையாளம் காண முயல்வதுபோல் நின்றது. பிறகு நேராக என்னை நோக்கி நடந்து வந்தது. ஒரு மாதம் காரேஜில் தொங்கிய கோட்டில் கடுகு, பெருங்காயம், வறமிளகாய், போன ஞாயிறு வறுத்த நெத்திலி எல்லாம் ஏறியிருந்தன. மூன்றும் மரத்தடியில் நின்று, அண்ணாந்து, என்னைப் பார்த்தன. இருபதடி, பதினாறடி, பன்னிரண்டடி என்று ஆறு வாரம் நான் படித்ததற்கெல்லாம் இதுதான் பதில். குட்டிகளில் ஒன்று கீழ்ப்படியை நக்கிப் பார்த்தது.

வில்லை எடுக்கக் குனிந்தேன். அப்போது மரம் சுற்றியது. மரம்தான் சுற்றியது, நான் அசையவில்லை. ஓக்கும் கொல்லையும் வீடும் ஒரே திசையில் ஓடின. வில் கீழே விழுந்தது. நல்லவேளை, அம்பு மாட்டியிருக்கவில்லை. மான்கள் நான்கடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் தோட்டத்துக்குப் போய் முள்ளங்கியையும் வெந்தயக்கீரையையும் சாப்பிட ஆரம்பித்தன. நான் இரண்டு கைகளாலும் மரத்தைக் கட்டிக்கொண்டேன். காலையில் குடித்த காப்பியை மரத்தின் மறுபக்கத்தில் திருப்பிக் கொடுத்தேன்.

கைபேசி மேல்பையில் இருந்தது. கீதாமணி அறுபது கஜத்தில், சமையலறையில். ஒரு விரலால் அழுத்தினால் வந்துவிடுவாள். வந்தால் பார்ப்பாள். பார்த்தால் போர்டு நட்டுவிட வேண்டியதுதான். மூன்று முறை விரல் அங்கே போனது. மூன்று முறையும் எடுத்துவிட்டேன். சுற்றுவது நின்றால் இறங்கிவிடலாம், யாருக்கும் தெரியாது. சிறிது நேரம் நிற்கும். கீழே காலை நீட்டினால் மறுபடி தொடங்கும். இப்படி ஒன்றே முக்கால் மணி நேரம்.

ஒன்பது மணிக்கு அவள் வந்தாள். நைட்டிக்கு மேல் என் பழைய மழைக்கோட்டு, காலில் ரப்பர் செருப்பு, கையில் கீரைக்கு ஒரு வடிதட்டு. மான்கள் எப்போதோ போயிருந்தன. பாத்தியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அங்க என்னங்க பண்றீங்க?"

"ரோசன பண்ணிட்டிருக்கறேன்."

"எறங்கி வந்து பண்ணுங்க."

"இங்கயே வசதியா இருக்குது."

மரத்தடிக்கு வந்தாள். கீழே கிடந்த வில்லைப் பார்த்தாள். மரத்தைச் சுற்றிப் போய் மறுபக்கத்தையும் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவள் குரல் மாறியிருந்தது.

"எத்தன நேரமா இப்பிடி?"

"இப்பத்தான்."

"காப்பித் தம்ளரு ஆறரைக்கே கழுவிக் கவுத்தியிருந்துச்சு. நீங்க மேல புத்தகம் படிக்கறீங்கன்னு நான் தோசைக்கல்லக்கூட சத்தமில்லாம வெச்சேன்." அண்ணாந்து பார்த்தாள். "தீயணைப்பு வண்டியக் கூப்புடட்டுங்களா?"

"வேண்டாம். சங்கத்துக்காரங்க எல்லாரும் வந்து நிப்பாங்க."

"வந்து நின்னா என்னவாம்?"

"தபால்பெட்டியப் பாப்பாங்க."

அவள் சிரிக்கவில்லை. வடிதட்டைக் கீழே வைத்தாள். நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள்.

"கீதா! பட்டையில்லாம ஏறக்கூடாது. விதி இருக்குது!"

"உங்க விதிய மடிச்சு உள்ள வெய்யுங்க. கீழ பாக்காதீங்க, என்னையும் பாக்காதீங்க. மரத்துல ஒரே எடத்தப் பாருங்க. அந்தக் கணு தெரியுதுங்களா? அதையே பாருங்க. எடது காலக் குடுங்க."

ஒரே இடத்தைப் பார்த்தால் சுற்றுவது அடங்கும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அடங்கியது. அவள் கை என் கணுக்காலைப் பிடித்தது. காலை எடுத்து ஒரு படியில் வைத்தது. அழுத்திக் காட்டியது. பிறகு அடுத்த கால்.

"கொக்கிய எறக்குங்க. ம். இப்ப வலது. பயப்படாதீங்க, என்ற கை இருக்குது."

"நான் பயப்படல."

"செரி, நீங்க பயப்படல. வலது."

பதினொரு படி. ஒவ்வொன்றிலும் என் காலுக்கு முன்னால் அவள் கை இருந்தது. ஏழாவதில் அவள் விரலை மிதித்துவிட்டேன். சத்தம் போடவில்லை; அடுத்த காலைக் கேட்டாள்.

தரையில் உட்கார்ந்தேன். அவளும் உட்கார்ந்தாள். ஈரம் நைட்டியில் ஏறுவதைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. விரலை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள்.

"செரி," என்றேன். "தோத்துட்டேன். போர்டு நட்டுக்கோ."

"போர்டு கெடக்குதுங்க." வீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. "எடிசன்ல எனக்கென்ன வேண்டுதலா? இங்க மாடியில வுழுந்தா அங்க குளியலறையில வுழப்போறீங்க. நான் கடைக்குப் போறதுக்கே பயந்துட்டுக் கெடக்கறேன். திரும்பி வந்து கதவத் தொறக்கறப்ப மொதல்ல தரையத்தான் பாக்கறேன், தெரியுங்களா உங்களுக்கு? வீடு இங்கயே இருக்கட்டும். கட்டிலக் கீழ போட்டுக்கலாம். புத்தகத்தையும் ஒவ்வொண்ணாக் கீழ கொண்டாந்தரலாம். வர்ற செவ்வாக்கெழம டாக்டருகிட்ட நெசத்தச் சொல்லுங்க. எனக்கு அது போதும்."

"என்ன நெசம்?"

எழுந்து வடிதட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

பதிவுக்காக: கீதாமணி, வயது ஐம்பத்தேழு, பாதுகாப்புப் பட்டை இல்லாமல், ரப்பர் செருப்போடு, ஒரு கையை எனக்குக் கொடுத்துவிட்டு ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தரையிலிருந்து எட்டடிக்கு மேல் ஏறியிருக்கிறாள். என் பணிக்காலத்தில் ஒருவர் இப்படி ஏறியிருந்தால் அன்றே வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லி எழுதியிருப்பேன். இவளுக்கு எங்கே எழுதுவது என்று தெரியவில்லை.

அக்டோபர் 18, புதன்

அவள் விரலில் நகம் கறுத்திருக்கிறது. கேட்டால் கதவு நசுக்கியது என்கிறாள்.

அக்டோபர் 21, சனி

சென்னியப்பன் பரணை அவிழ்க்க வந்தான். அவன் மேலே, நான் கீழே. பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டான். இறங்கி வந்து, ஒரு படியை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே பேசினான்.

"மாமா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே."

"கோவிச்சுக்குவேன். சொல்லு."

"அக்கா மொத நாளே சொல்லிப்போட்டுச்சு. 'அவரு எத்தன அடி சொன்னாலும் செரின்னு சொல்லு, எதிர்த்துப் பேசாத. எதிர்த்தா ஏறிப்போடுவாரு. வுட்டா தானா ஒவ்வொரு அடியா எறங்கித் தரைக்கு வந்துருவாரு'ன்னு."

யோசித்துப் பார்த்தேன். இருபது, பதினாறு, பன்னிரண்டு, ஒன்பது, ஆறு. இன்னும் ஒரு வாரம் கழிந்திருந்தால் நான் தரைக்கு வந்திருப்பேன். அதற்கும் காரணங்கள் வைத்திருப்பேன்.

"அந்தக் கட்டில் பேச்சு மட்டும் அதும் வாயில தெரியாம வந்துருச்சு. என்ற வாயாலதான் ஏறுனாருன்னு செவ்வாக்கெழமயிலிருந்து போன்ல ஒரே அழுவ, மாமா. நீங்க கேட்டதாக் காட்டிக்காதீங்க."

பட்டைகளை நானே சுருட்டினேன். ஒரே அளவாகச் சுருட்ட வெகு நேரம் பிடித்தது.

அக்டோபர் 24, செவ்வாய்

டாக்டருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. காதில் விளக்கடித்துப் பார்த்தார். தலையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு என் கண்களை உற்றுப் பார்த்தார். பிறகு நான் நிரப்பிக் கொடுத்த படிவத்தை எடுத்துக்கொண்டார். அதில் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதியிருந்தேன், ஒன்றைத் தவிர.

கடந்த ஒரு வருடத்தில் எத்தனை முறை விழுந்தீர்கள் என்று அதை வாயால் கேட்டார்.

இதுபோன்ற இடங்களில் எனக்குப் பதிலாகக் கீதாமணி பேசுவதுதான் வழக்கம். முப்பத்திரண்டு வருடமாக என் ரத்த அழுத்தம், என் சர்க்கரை, என் தூக்கம் எல்லாவற்றையும் டாக்டர்களிடம் அவள்தான் சொல்லிவந்திருக்கிறாள். நான் அவள் பக்கம் திரும்பினேன். அவள் சுவரில் மாட்டியிருந்த காதின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே நத்தை போலச் சுருண்டு ஏதோ இருந்தது. அதைத் தேர்வுக்குப் படிப்பவள்போல் பார்த்தாள்.

ஒன்று என்று சொல்லலாம் என்றுதான் வாயெடுத்தேன். விழுதல் என்று எதைச் சொல்கிறீர்கள், சாய்தல், சறுக்குதல், திடீரென்று உட்கார்தல் எல்லாம் அதில் சேருமா என்று முதலில் வரையறை கேட்க வேண்டும் என்றும் தோன்றியது. டாக்டர் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கீதாமணியின் கை மடியில் கிடந்தது, கறுத்த நகம் மேலே தெரிய.

"ஏழு," என்றேன், ஆங்கிலத்தில்.

டாக்டர் எழுதிக்கொண்டார்.

"ஒம்பது," என்றாள் கீதாமணி, தமிழில், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்று டாக்டர் என்னைக் கேட்டார். மொழிபெயர்த்தேன்.